தேக்கு பர்மாவுலேர்ந்து வந்துச்சு, சரி. காசு?

பழைய வீடுகளைச் சுத்திப் பாக்குற டூருன்னா நம்ம காலேஜ்ல ரெண்டே ரெண்டு காரணம்தான். ஒண்ணு போட்டோஷூட், இன்னொண்ணு செட்டிநாட்டுச் சாப்பாடு. ரெண்டுக்குமே நான் எதிரி இல்ல. ஆனா நாலு வருஷமா ஐவி ஐவின்னு பஸ் ஏறிப் போனதுல கத்துக்கிட்டதைவிட, காரைக்குடிப் பக்கம் ஒரு கைடோட ஒரே ஒரு நாள் சுத்தினதுல எனக்கு அதிகமா புரிஞ்சுது. அதனால இந்தக் கட்டுரையில ரெண்டு விஷயம் சொல்லப் போறேன். முதல் விஷயம், காசு கொடுத்து கைடு வெச்சு இந்த வீடுகளைப் பாக்குறது வெட்டிச் செலவு இல்ல, கண்டிப்பா போங்க. ரெண்டாவது, ஒரு கேள்வியைக் கேக்காம திரும்பி வராதீங்க. இந்த வீட்டைக் கட்டுன காசு எங்கிருந்து வந்துச்சு?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்னு சொல்றதுக்கு முன்னாடி, நமக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்துடுவோம்.

பக்கத்துலயே இருக்கு

கோவளத்துல சர்ஃபிங் பாக்கப் போறவங்க, முட்டுக்காடு போட் ஹவுஸ் போறவங்க எல்லாரும் ஈசிஆர்ல தக்ஷிணசித்ராவைத் தாண்டித்தான் போறாங்க. உள்ள போனவங்க எத்தனை பேருன்னு நம்ம கிளாஸ்லயே கை தூக்கச் சொல்லிப் பாருங்க. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்ங்குற அமைப்பு நடத்துற அருங்காட்சியகம் அது. டெபோரா தியாகராஜன் முன்னெடுத்து, 1996ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. சுமார் 10 ஏக்கர்ல 18 பழைய வீடுகள் இருக்கு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரான்னு தென்னிந்தியா முழுக்க இடிக்கப்பட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு கட்டையா கழட்டி, நம்பர் போட்டு, லாரியில ஏத்திக் கொண்டு வந்து இங்க திரும்ப நிறுத்தியிருக்காங்க. மொத்த இடத்துக்கும் பிளான் போட்டவர் லாரி பேக்கர்.

நான் சிவில். ஒரு மர வீட்டை ஆணி அடிக்காத இணைப்புகளோட கழட்டி வேற ஊர்ல மாட்டுறது எவ்வளவு பெரிய வேலைன்னு எனக்குத் தெரியும். கோட்டயம் பக்கத்து சிரியன் கிறிஸ்தவர் வீட்டுல மரம் மரத்தோட பூட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா, நம்ம ஸ்டீல் ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல படிக்கிற கனெக்ஷன் எல்லாம் மரத்துல ஏற்கெனவே ஒருத்தர் யோசிச்சு வெச்சுட்டார்னு தோணும்.

ஆனா அங்க ஒரு குறை இருக்கு. அது அவங்க தப்பு இல்ல, அருங்காட்சியகம்னாலே அப்படித்தான். வீடு வந்துடுச்சு, ஆனா அதோட ஊர் வரல. எதிர் வீடு, ஊருணி, கோயில், பின்னாடி வாசல்ல நின்ன வேலைக்காரங்க, பங்காளிச் சண்டை எதுவுமே லாரியில ஏறாது. அதுக்கு நாமதான் வீடு இருக்குற இடத்துக்குப் போகணும்.

செட்டிநாட்டுல ஒரு நாள்

தாம்பரத்துல ராத்திரி ராமேஸ்வரம் ரயில்ல ஏறினா விடியறதுக்கு முன்னாடி காரைக்குடி. நாங்க அஞ்சு பேர் போனோம். ஒரு காரும் உள்ளூர் கைடு ஒருத்தரும். செலவைப் பிரிச்சா ஆளுக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும் பரவியிருக்குற எழுபத்துச் சொச்சம் ஊர்களைத்தான் செட்டிநாடுன்னு சொல்றாங்க. நாட்டுக்கோட்டை நகரத்தார்களோட ஊர்கள். பெரும்பாலான பெரிய வீடுகள் 1850க்கும் 1940களுக்கும் நடுவுல கட்டுனது. 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இந்த ஊர்கள் சேர்ந்துச்சு. உத்தேசப் பட்டியல்னா இன்னும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகலைன்னு அர்த்தம்.

எனக்கு ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். வளவு, முகப்பு, ஊருணி, கிட்டங்கி மாதிரி வார்த்தைகளையெல்லாம் அங்கதான் முதல்முறையா காதுல கேட்டேன். முகப்புன்னா வாசல் பக்கம், திண்ணையோட, வெளியாட்கள் உக்காந்து கணக்குப் பேசுற இடம். வளவுன்னா உள்ள இருக்குற முற்றம், சுத்தி வரிசையா அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, அதுல அவங்க குடும்பத்தோட சாமான். அதுக்கும் பின்னாடி இரண்டாம் கட்டு, அப்புறம் அடுப்படி. சில வீடுகள் ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது. தலைவாசல்ல நின்னா கடைசிக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டுல தெரியும். கதவெல்லாம் திறந்து வெச்சா காத்து அப்படியே உள்ள ஓடும்.

கூரை முற்றத்தை நோக்கிச் சரிஞ்சிருக்கு. மேல நாட்டு ஓடு, ஒரு அடுக்கு இல்ல, பல அடுக்கு. மழை பெஞ்சா தண்ணி முற்றத்துக்கு வருது, அங்க பாத்திரத்துல பிடிச்சுக்கலாம், மிச்சம் வாய்க்கால் வழியா வெளிய போகுது. ஊர்த் தெருக்களோட சரிவும் தண்ணியை ஊருணிக்குக் கொண்டுபோற மாதிரிதான் இருக்கு. மழை குறைவான சீமையில ஊரையே தண்ணி சேக்குற மாதிரி அமைச்சிருக்காங்க. நம்ம ஓஎம்ஆர்ல ஒரு மழைக்கு அப்பார்ட்மென்ட் கீழ கார் மிதக்குது.

சுவத்துல கை வெச்சா கண்ணாடி மாதிரி வழவழன்னு, ஜில்லுன்னு இருக்கு. சுண்ணாம்பை அரைச்சு, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல தடவை பூசித் தேய்ச்ச பூச்சு. ஆத்தங்குடியில தரை ஓடு செய்யறதையும் பாத்தோம். ஒரு கண்ணாடித் துண்டு மேல அச்சை வெச்சு, கலர் சிமெண்ட் கலவையைக் கையாலேயே ஊத்துறாங்க. மேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணியில ஊற வெச்சு எடுக்குறாங்க. சூளையே கிடையாது. கண்ணாடி கழண்டு வந்ததும் அந்தப் பளபளப்பு ஓட்டுலயே நின்னுடுது. க்யூரிங்னு நாம மூணு மார்க்குக்கு எழுதுற விஷயத்தை அந்த அக்கா எங்க முன்னாடி ரெண்டு நிமிஷத்துல பண்ணிக் காட்டினாங்க.

இதுவரைக்கும் கைடு பிரமாதமா சொன்னார். அதுக்கப்புறம்தான் எல்லா வீட்டுலயும் அதே பட்டியல். தூண் பர்மாத் தேக்கு, மார்பிள் இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம், டைல்ஸ் ஜப்பான், இரும்பு இங்கிலாந்து. கானாடுகாத்தான்ல ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டி 1912ல முடிச்ச அரண்மனையை வெளியிலேர்ந்து பாத்தப்பவும் இதே பட்டியல்தான். ஒவ்வொரு பொருளும் எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியுது. அதை வாங்குன காசு எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன். "பர்மாவுல பிசினஸ் தம்பி" ஒரே வரியில முடிச்சுட்டார்.

அந்த ஒரு வரிக்குள்ள இருக்குறது

"பர்மாவுல பிசினஸ்"ங்குறது உண்மைதான். ஆனா அது ஒரு வரியில முடியற கதை இல்ல.

1852 போருக்கு அப்புறம் கீழ் பர்மா பிரிட்டிஷ் கைக்கு வந்துச்சு. 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி ஏத்துமதி பெருசா வளந்துச்சு. ஐராவதி டெல்டாவுல காட்டை அழிச்சு வயல் ஆக்குன பர்மிய விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டுச்சு. பிரிட்டிஷ் பேங்குகள் அவனுக்குக் கடன் தரத் தயாரா இல்ல. தந்தவங்க நகரத்தார்கள். ஊர்லேர்ந்து மூணு வருஷக் கணக்குல ஏஜென்டுகள் கப்பல் ஏறிப் போய், கிட்டங்கியில தங்கி, வட்டிக்கடை நடத்துனாங்க. ஆச்சிமார்கள் இங்க இந்தப் பெரிய வீடுகளை நிர்வாகம் பண்ணாங்க. 1930 வாக்குல பர்மாவுல நகரத்தார் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய்னு அங்க நடந்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டுச்சு. அன்னிக்கு ரூபாயோட மதிப்புல யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்துச்சு. அரிசி விலை ஏறக்குறைய பாதியா விழுந்துச்சு. விவசாயியால வட்டி கட்ட முடியல. அடமானம் வெச்ச நிலம் கைமாறுச்சு. கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல, 1930ல நகரத்தார் கையில இருந்த நிலம் 6 சதவீதம். 1938ல அது சுமார் 25 சதவீதம். நாலு வயல்ல ஒண்ணு. தன் கையால காடு வெட்டி உண்டாக்குன வயல்லயே விவசாயி குத்தகைக்காரன் ஆனான்.

இதை வெச்சு யாரையும் வில்லன் ஆக்கவும் முடியாது. உள்ளூர் வட்டிக்காரங்களைவிட நகரத்தார் வாங்குன வட்டி குறைவு. அவங்களுக்கு வேணும்னது பணம், வயல் இல்ல. வயலை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் நிறைய பேர் நின்னாங்க. பர்மாவுல இந்தியர்களுக்கு எதிரா 1930லயும் 1938லயும் கலவரம் நடந்துச்சு. 1942ல ஜப்பான் படை உள்ள வந்ததும் லட்சக்கணக்குல இந்தியர்கள் ஓடி வந்தாங்க, அதுல அஸ்ஸாம் வரைக்கும் நடந்தே வந்தவங்க, வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1948ல பர்மா சுதந்திரம் வாங்கினதும் நிலம் அரசுடைமைச் சட்டம் வந்துச்சு. 1960கள்ல ராணுவ ஆட்சியில மிச்சம் இருந்தவங்களும் வெளியேறுனாங்க. காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கு. பீச் ஸ்டேஷன் பக்கத்துல பர்மா பஜார்ல நீங்க அத்தோ சாப்பிட்டிருந்தா, அந்தக் கதையோட கடைசிப் பக்கத்தைத்தான் சாப்பிட்டிருக்கீங்க.

இவ்வளவும் தெரிஞ்சா அந்த வளவு வேற மாதிரி தெரியும். பெரிய வீடுகள் ஏன் 1940களோட நின்னு போச்சு, ஏன் இன்னிக்குப் பாதிக் கதவு பூட்டியிருக்கு, ஏன் பராமரிக்கக் காசு இல்ல, எல்லாத்துக்கும் பதில் அந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கு. இதைச் சொல்லாத டூர் பில்லைப் படிச்சுக் காட்டுற டூர்தான். வெளிய வந்து டீ குடிக்கும்போது கைடுகிட்ட மறுபடி கேட்டேன். "எங்க தாத்தாவே ரங்கூன்ல ஒரு கடையில சமையக்காரரா இருந்தவர்தான் தம்பி. யாரும் கேக்குறதில்ல, அதனால சொல்றதில்ல"ன்னார். அப்புறம் கால் மணி நேரம் பேசினார். அன்னிக்கு நாள் முழுக்க நாங்க கேட்டதுலயே சிறந்த பகுதி அதுதான். அது டூர்ல இல்ல, டீக்கடையில இருந்துச்சு.

கோவளத்துலேர்ந்து வேல்ஸ் வரைக்கும்

"பணக்காரன் வீட்டைப் பாக்கப் போன இடத்துல காசு கணக்கு எதுக்கு மச்சி"ன்னு என் ரூம்மேட் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில் நம்ம கோவளத்துலேர்ந்தே ஆரம்பிக்குது.

நம்ம கோவளத்துல ஒரு கோட்டை இருந்துச்சு. 1752ல அது பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தப்போ, புதுசா சேர்ந்த சில நூறு சிப்பாய்களோட வந்து அதைப் பிடிச்சவர் ராபர்ட் கிளைவ். அப்புறம் கோட்டையை இடிச்சுட்டாங்க. ஸ்கூல் பாடத்துல எனக்கு ஆற்காடு இருந்துச்சு, பிளாசி இருந்துச்சு, பத்து கிலோமீட்டர் கூட இல்லாத கோவளம் இல்ல. அந்த கிளைவ் பின்னாடி வங்காளத்துல சேத்த சொத்து ஊரறிஞ்சது. அவரோட மகன் எட்வர்ட் கிளைவ் 1798லேர்ந்து 1803 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்போ இங்க பதவியில இருந்தவர் அவர்தான். அவர் கல்யாணம் பண்ணிக்கிட்ட குடும்பத்தோட வீடு, வேல்ஸ் கிராமப்புறத்துல இருக்குற போவிஸ் கோட்டை. அப்பாவும் மகனும் சேத்த பொருள்கள், திப்பு சுல்தானோட கூடாரம் உட்பட, ஆயிரத்துக்கும் மேல இன்னிக்கும் அங்க இருக்கு. டிக்கெட் வாங்குனா பாக்கலாம்.

அந்தக் கோட்டை 1952லேர்ந்து நேஷனல் டிரஸ்ட் கையில இருக்கு. 1895ல ஆரம்பிச்ச அமைப்பு அது. பிரிட்டன்ல கிராமப்புறப் பழைய மாளிகைகளைப் பராமரிச்சு, ஜனங்களுக்குச் சுத்திக் காட்டுற வேலையில அதுதான் பெருசு. பல வருஷமா அங்கயும் நம்ம ஊர்ப் பட்டியல் மாதிரிதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க, இந்த ஓவியம் யார் வரைஞ்சது, அந்த நாற்காலி எந்தக் காலத்துதுன்னு. 2020 செப்டம்பர்ல அவங்களே ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. தங்க பராமரிப்புல இருக்குற 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடவோ அடிமை வியாபாரத்தோடவோ தொடர்பு இருக்குன்னு பேர் போட்டு எழுதுனாங்க. அங்க பெரிய சண்டையே வந்துச்சு. "வீடு பாக்க வந்தா வரலாற்றுப் பாடம் எடுக்குறீங்களா"ன்னு பத்திரிகைகளும் சில எம்பிக்களும் கத்துனாங்க. ஆனா அறிக்கை நின்னுச்சு.

இந்தச் செய்தியைப் படிச்ச இந்தியன் எவனும் "பழசை ஏன் கிளறுறீங்க"ன்னு கேக்க மாட்டான். "கேக்கட்டும், நல்லா கேக்கட்டும்"னுதான் சொல்லுவான். நானும் அப்படித்தான். திப்புவோட கூடாரம் வேல்ஸ்ல ஏன் இருக்குன்னு கேக்க நமக்கு உரிமை இருக்குன்னா, கானாடுகாத்தான் தூண் முன்னாடி ஒரு பர்மியப் பொண்ணு வந்து நின்னு அவ கொள்ளுத்தாத்தா வயலைப் பத்திக் கேக்கவும் உரிமை இருக்கு. ரெண்டும் ஒரே அளவு குற்றம்னு நான் சொல்லல. கிளைவ் படையோட போனவர், நகரத்தார் கணக்குப் புஸ்தகத்தோட போனவங்க. வித்தியாசம் பெருசு. அந்த வித்தியாசத்தைக்கூட கதையைச் சொன்னாத்தான் சொல்ல முடியும். "பர்மாவுல பிசினஸ்"னு ஒரு வரியில முடிச்சா அதுக்கும் வழி இல்ல.

மறுப்பு சொல்றவங்களுக்கு

இதுக்கு மூணு மறுப்பு வரும். மூணுலயும் நியாயம் இருக்கு.

முதல் மறுப்பு: நம்மளை நம்பி வீட்டைத் திறந்து விடுறவங்க முன்னாடியே அவங்க பாட்டன் காசைப் பத்திப் பேசுறது மரியாதையா? மரியாதையா பேசுனா மரியாதைதான். அதோட அந்தக் காசு வீட்டோட மட்டும் நிக்கலைன்னும் சொல்லணும். 1929ல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்துச்சு. கிண்டியில நாம ஏ.சி. டெக்னு சொல்ற காலேஜ் 1944ல அழகப்பச் செட்டியார் பேர்ல வந்துச்சு. காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இன்ஜினியரிங் காலேஜும் அவர் நிலமும் பணமும் கொடுத்ததால வந்துச்சு. வட்டிக்கடைக் காசு நம்ம சிலபஸ் வரைக்கும் வந்திருக்கு. கடல் தாண்டி வியாபாரம் பண்ணி வந்த செல்வத்துல தமிழ்நாட்டுக்குப் படிப்பு கிடைச்சுதுங்குறதும் உண்மை, டெல்டாவுல ஒரு விவசாயி நிலம் போச்சுங்குறதும் உண்மை. கைடு ரெண்டையும் சேத்துச் சொல்லட்டும், ஒண்ணை மறைக்காம.

ரெண்டாவது மறுப்பு: கைடு பாவம், அவர் பொழப்பு ரிவ்யூல இருக்கு, ஜாலியா வந்தவங்ககிட்ட சோகக் கதை சொன்னா ஸ்டார் குறையும். சரிதான். அதனாலதான் பொறுப்பு அவர் மேல இல்ல, நம்ம மேல இருக்குன்னு சொல்றேன். தூணைக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்குற கஸ்டமருக்கு அவர் தூணைப் பத்தித்தான் சொல்லுவார். கேள்வி கேட்டா பதில் அவர்கிட்ட இருக்கு, அதை நான் டீக்கடையில பாத்துட்டேன்.

மூணாவது மறுப்புதான் கஷ்டமானது. வீடே இடிஞ்சுக்கிட்டிருக்கு, முதல்ல காப்பாத்து, அப்புறம் கதை பேசு. உண்மைதான். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் அண்ணா நகர். ஓடு மாத்தணும்னா அத்தனை பேரும் ஒத்துக்கணும். கல்யாணம் காரியத்துக்கு மட்டும் திறக்குற வீட்டுக்கு மாசா மாசம் காசு போட யாருக்கும் மனசு வராது. கடைசியில வித்துடுறாங்க. வாங்குறவங்க வீட்டை வாங்குறதில்ல, தூணையும் கதவையும் வாங்குறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல அந்தக் கதவுகள் வரிசையா சாத்தி வெச்சிருக்கு. அதுல எத்தனை நம்ம ஈசிஆர் பண்ணை வீடுகளுக்கும் ரெஸ்டாரன்டுகளுக்கும் வந்து நிக்குதுன்னு நீங்களே பாத்திருப்பீங்க. "ஹெரிடேஜ் லுக்"னு பேர்.

1972ல வந்த பழம்பொருள் சட்டப்படி, கட்டடத்துலேர்ந்து கழட்டுன பொருள் 100 வருஷத்துக்குக் குறையாம பழசா இருந்தா அதுவும் பழம்பொருள்தான். வியாபாரமா விக்க லைசென்ஸ் வேணும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனா வீடு நிக்கிற வரைக்கும் அதைக் காப்பாத்த வழி ரொம்பக் குறைவு. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ல நிறைவேறி, 2024லதான் நடைமுறைக்கு வந்துச்சு.

அதனால காப்பாத்துறதும் கதை சொல்றதும் ரெண்டு வேலைன்னு எனக்குத் தோணல. ஒரு கதவுக்கு அழகு மட்டும்தான் மதிப்புன்னா, அது காரைக்குடியில இருந்தா என்ன, ஈசிஆர்ல பிரியாணிக் கடை வாசல்ல இருந்தா என்ன? ரெண்டு இடத்துலயும் அழகாத்தான் இருக்கும். அது எந்த வீட்டுல, எந்தக் காசுல, யார் உள்ள வர யார் வெளிய நிக்கன்னு வெச்ச கதவுங்குறது தெரிஞ்சாத்தான், அதைக் கழட்டக் கூடாதுன்னு சொல்லவே ஒரு காரணம் கிடைக்கும். கதை தெரியாதவங்களுக்கு அது வெறும் தேக்குப் பலகை. கன அடி கணக்குல விலை பேசிடுவாங்க.

நாம என்ன பண்ணலாம்

புலம்பிட்டு முடிக்க விருப்பமில்ல. நம்ம காலேஜ்லேர்ந்து செய்யக்கூடியது நாலு இருக்கு.

ஒண்ணு, முதல்ல தக்ஷிணசித்ரா. கோவளத்துலேர்ந்து பஸ்ல சில நிமிஷம். சிவில், மெக்கானிக்கல் ரெண்டு பேருக்கும் அங்க வேலை இருக்கு. செல்ஃபிக்கு முன்னாடி ஒரு வீட்டோட கூரை எடையை எது தாங்குதுன்னு வரைஞ்சு பாருங்க.

ரெண்டு, செட்டிநாட்டுக்குப் போறப்போ உள்ளூர் கைடையே வெச்சுக்கோங்க. சென்னையிலேர்ந்து பேக்கேஜா போனா காசுல பாதி வழியிலேயே நின்னுடும். வீட்டைத் திறந்து விடுற காவல்காரருக்கும் வீட்டுக்கும் எவ்வளவு போகுதுன்னு நேரடியா கேளுங்க. கேக்குறதுல வெக்கமே இல்ல. ஓடு வாங்கணும்னா ஆத்தங்குடியில செய்யறவங்ககிட்டயே வாங்குங்க. அது புதுசா செஞ்சது, எந்த வீட்டையும் உடைச்சு எடுத்தது இல்ல.

மூணு, மூணு கேள்வியோட போங்க. இந்த வீடு எப்படி வேலை செய்யுது? கட்டுன காசு எங்கிருந்து வந்துச்சு? இதைக் கட்டுன, துடைச்ச, சமைச்ச ஆட்கள் எந்த வாசல் வழியா வந்தாங்க? முதல் கேள்விக்கு எல்லா கைடும் பதில் சொல்லுவாங்க. ரெண்டாவதுக்குக் கொஞ்சம் தயங்குவாங்க. மூணாவதுக்கு அந்த வீட்டுக் காவல்காரரைக் கேளுங்க, அவர்தான் சரியான ஆள்.

நாலாவது நம்ம டிபார்ட்மென்டுக்கு. வருஷா வருஷம் ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுன்னு இன்டர்நெட்லேர்ந்து எடுத்த அதே அப்பார்ட்மென்ட் டிசைனைத்தான் சமர்ப்பிக்கிறோம். அதுக்குப் பதிலா ஒரு பேட்ச் ஒரு வீட்டை எடுத்துக்கிட்டு, உரிமையாளர் அனுமதியோட முழுசா அளந்து வரையட்டும். பூச்சு எத்தனை அடுக்கு, கூரைச் சரிவு எவ்வளவு, எந்தத் தூண் அரிச்சிருக்கு, சரி பண்ண எவ்வளவு ஆகும். முப்பது பங்காளியும் ஒரு முடிவுக்கு வர முதல்ல கையில ஒரு எஸ்டிமேட் வேணும். அது நம்மால முடியற வேலை, இலவசமாவே கொடுக்கலாம். கூடவே அந்த வீட்டுப் பெரிய ஆச்சி ஒருத்தங்க பேசுறதையும் ரெக்கார்டு பண்ணிட்டு வரலாம். கணக்கு வழக்கு, கப்பல், ரங்கூன், எல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்குறவங்க இருக்காங்க. ஆனா அவங்களுக்கும் வயசு எண்பது, தொண்ணூறு ஆகுது.

நான் மே மாசம் வெளிய போயிடுவேன். மூணாம் வருஷத்துல இருக்குறவங்க யாராவது நாலாவதை எடுத்துக்கிறதா இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. அந்த கைடு நம்பர் என்கிட்ட இருக்கு. ஒரு வீட்டுக்காரங்ககிட்ட பேசியும் வெச்சிருக்கேன், டேப் எடுத்துட்டு வந்தா வளவு வரைக்கும் அளக்க விடுறேன்னு சொல்லியிருக்காங்க.